ஆடிப்பட்டம் சென்னைக்கு ஒண்ணு, கோவைக்கு ஒண்ணு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை எடுத்துவிட்டு, வாசிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

போன எபிசோடில் மண் கலவை பத்திப் பேசினோம் இல்லையா, அதுக்கு வந்த கேள்விகளில் பாதி மண்ணைப் பத்தியே இல்லை. "எப்போ விதைக்கணும்?" இதுதான் கேள்வி. அதனால இன்னைக்கு முழு எபிசோடும் அதுக்குத்தான்.

ஒரு மெயிலை மட்டும் முதலில் சொல்லிடறேன். எழுதினவங்க கோயம்புத்தூர்க்காரங்க. வேலைக்காகச் சென்னை வந்து, வேளச்சேரி பக்கம் வாடகை வீடு. மொட்டை மாடியில் செடி வைக்க ஓனர் சம்மதிச்சிருக்கார், அதுவே பெரிய விஷயம். அம்மா வீட்டில் ஆடியில் விதைச்ச தக்காளி, ஐப்பசியில் பறிச்சு மாளாது. அதே விதையை அம்மா பொட்டலம் கட்டி அனுப்பறாங்க. இவங்களும் அதே ஆடியில் போடறாங்க. செடி தளதளன்னு வளருது. பூவும் வருது. ஆனால் பூவெல்லாம் காம்போட உதிர்ந்து பைக்குள்ளயே விழுது. தப்பிச்ச நாலு காயையும் ஐப்பசி மழை அழுக வெச்சுடுது. போன வருஷமும் இதே கதை, இந்த வருஷமும் இதே கதை. "எனக்குக் கைராசி இல்லை போல. பதினாறு பையையும் யாருக்காவது குடுத்துடலாம்னு இருக்கேன்"னு முடிச்சிருக்காங்க.

குடுத்துடாதீங்க. உங்க கையில் ஒரு குறையும் இல்லை. மாடித்தோட்டம் ஆரம்பிக்கிறவங்க முதல் வருஷத்திலேயே விட்டுட்டுப் போறதுக்கு உரம், பூச்சி, தண்ணீர் இதெல்லாம் காரணம்னு சொல்வாங்க. நான் பார்த்தவரை பெரும்பாலும் காரணம் மாதம்தான். சரியான விதை, சரியான மண், தப்பான மாதம். அதுக்குப் பேர் கைராசி ஆயிடுது.

தக்காளிப் பூ ஏன் உதிருது?

தக்காளியின் மகரந்தம் ரொம்ப நாசூக்கானது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, ராத்திரியும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தால் மகரந்தம் மலடாயிடும். பூ பூக்கும், காய் பிடிக்காது. செடி அந்தப் பூவை உதிர்த்துடும். ராத்திரி 15-லிருந்து 20 டிகிரிக்குள் இருந்தால் தக்காளிக்கு அதுதான் சொர்க்கம். இருபத்திரண்டு, இருபத்துமூணு வரைக்கும்கூடப் பொறுத்துக்கும்.

இப்போ ஜூலை மாசத்தை எடுத்துக்குங்க. சென்னையில் பகல் சராசரியா 35-ஐத் தொடும், ராத்திரி 26 பக்கம் நிக்கும். அதுவும் இது நுங்கம்பாக்கத்தில் நிழலில் இருக்கிற வெப்பமானியின் கணக்கு. உங்க மாடித் தளம் அதைவிடச் சூடு. அதே ஜூலையில் கோயம்புத்தூரில் பகல் 31, ராத்திரி 22. கோயம்புத்தூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரம். அதோட பாலக்காட்டுக் கணவாய் வழியா தென்மேற்குக் காற்றும் மேகமும் உள்ளே வருது. அங்கே உச்ச வெயில் பங்குனி, சித்திரையிலேயே முடிஞ்சிடும். சென்னைக்கு உச்ச வெயில் வைகாசி, ஆனி வரைக்கும் இழுக்கும். ஆடியிலும் அது முழுசா விட்டுப் போகாது.

அதனால அம்மாவோட ஆடியும் உங்க ஆடியும் காலண்டரில்தான் ஒண்ணு. செடிக்கு அது ரெண்டு வேற வேற மாசம்.

பட்டம் என்றால் என்ன?

"ஆடிப்பட்டம் தேடி விதை" - எல்லாருக்கும் தெரிஞ்ச பழமொழி. விதை பாக்கெட் விக்கிறவங்க ஆடி மாசம் ஆனாப் போதும், இதை ஒரு போஸ்டரில் போட்டுடுவாங்க. ஆனால் அதில் இருக்கிற "தேடி" என்கிற சொல்லை யாரும் கவனிக்கிறதில்லை. ஆடி பிறந்ததும் கண்ணை மூடிக்கிட்டுத் தூவுன்னு அது சொல்லலை. உன் ஊரில், உன் நிலத்தில் ஈரமும் காற்றும் எப்போ சேர்ந்து வருதுன்னு பார்த்து விதைன்னுதான் நான் அதை எடுத்துக்கிறேன்.

பட்டம் ஆடி ஒண்ணு மட்டும் இல்லை. தைப்பட்டம், மாசிப்பட்டம், சித்திரைப்பட்டம், புரட்டாசிப்பட்டம் எல்லாம் உண்டு. எந்தப் பட்டம் முக்கியம்கிறது ஊருக்கு ஊர் மாறும். இன்னொண்ணு, தமிழ் மாதம் சூரியனை வெச்சுக் கணக்கிடறது. அதனால ஆடி ஒண்ணு எந்த வருஷமும் ஜூலை 16, 17 பக்கம்தான் வரும். தை ஒண்ணு ஜனவரி 14, 15. விவசாயத்துக்கு இது ரொம்ப வசதி. பாட்டி சொன்ன மாதப் பேரை இன்னைக்கும் அப்படியே நம்பிப் பயன்படுத்தலாம். என்ன, பாட்டி எந்த ஊர்னு ஒரு தடவை கேட்டுக்கணும்.

தமிழ்நாட்டை வேளாண் காலநிலைப்படி ஏழு மண்டலமாப் பிரிக்கிறாங்க: வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரி டெல்டா, தெற்கு, அதிக மழை பெறும் குமரி, அப்புறம் மலைப்பகுதி. ஒரே மாநிலத்துக்குள்ள ஏழு. இதில் யூடியூபில் யாரோ ஒருத்தர் பொள்ளாச்சியில் நின்னுக்கிட்டு "இந்த மாசம் இதை விதைங்க"ன்னு சொல்றதை வேலூரில் இருந்து பின்பற்றினா எப்படி இருக்கும்? ஆங்கில வீடியோ இன்னும் மோசம். அவங்க எல்லாத்தையும் "கடைசி உறைபனி நாள்" என்கிற ஒரு தேதியை வெச்சுக் கணக்கு போடுவாங்க. நம்ம சமவெளியில் செடியைக் கொல்றது குளிர் கிடையாது. வெயிலும், ஒரே நாளில் கொட்டற மழையும்தான். நமக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய தேதிகள் இரண்டு: பெருமழை எப்போ ஆரம்பிக்கும், உச்ச வெயில் எப்போ ஆரம்பிக்கும்.

எனக்கு உபயோகப்படற ஒரு வழி சொல்றேன். விதைக்கிற நாளைத் தேடாதீங்க, பூக்கிற நாளைத் தேடுங்க. அந்தச் செடிக்குப் பூக்கும்போது என்ன வானிலை வேணும்? அது உங்க ஊரில் எந்த மாசம் கிடைக்கும்? அங்கிருந்து பின்னாடி எண்ணிக்கிட்டு வாங்க. தக்காளி நாற்றுக்கு 25 நாள். நட்டதிலிருந்து பூக்க ஏறக்குறைய 30 நாள். பூவிலிருந்து பழம் 40, 45 நாள். சென்னைக்கு ராத்திரி குளிர்ச்சியா இருக்கிறது மார்கழி, தை, மாசி. மார்கழியில் பூக்கணும்னா கார்த்திகை பிறக்கும்போது நடணும், அதுக்கு ஐப்பசி முதல் வாரம் விதை போடணும். தை நடுவிலோ கடைசியிலோ முதல் பழம் பறிக்கலாம். பங்குனி வரைக்கும் காய்க்கும். சித்திரை வெயில் வரும்போது செடி தன் வேலையை முடிச்சிருக்கும்.

சென்னை: மழைக்கு நடுவில் ஒரு நர்சரி

சென்னைக்கு வருஷத்தில் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூணு மாசத்தில் வந்துடும். வடகிழக்குப் பருவமழை சராசரியா அக்டோபர் 20 பக்கம் தொடங்கும், அதாவது ஐப்பசி பிறந்து மூணு நாலு நாளில். சென்னை, திருவள்ளூர், செங்கல்பட்டு, கடலூர், புதுச்சேரி எல்லாருமே இந்தத் தேதியை மனசில் வெச்சுக்கலாம்.

"ஐப்பசியில் விதை போடச் சொல்றீங்க, மழையும் அப்போதான் வரும்னு சொல்றீங்க?" ஆமாம். ஐப்பசியில் திறந்த வெளியில் எதையும் தூவாதீங்க. கீரை விதை, கொத்தமல்லி, முள்ளங்கி எல்லாம் ஒரே மழையில் பையோட ஓரத்துக்குப் போய்ச் சேர்ந்துடும். முளைச்சாலும் தண்டு அடியில் அழுகிச் சாயும், நாற்றழுகல்னு சொல்வாங்க. ஆனால் நாற்றுத் தட்டில், பால்கனி ஷேடுக்கு அடியில், வெளிச்சம் வர்ற இடத்தில் வெச்சா ஐப்பசி மாதிரி ஒரு நர்சரி மாசம் கிடைக்காது. தக்காளி, மிளகாய், கத்தரி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர் எல்லாத்தையும் அங்கேயே நாற்றாக்கிக்கலாம். மழை ரெண்டு மூணு நாள் விடற சமயம் பார்த்துக் கார்த்திகையில் நடுங்க. சின்ன வெங்காயமும் அப்போ ஊணலாம்.

காலிஃபிளவர் பத்தி ஒரு வார்த்தை. அது பூ கட்டறதுக்கே குளிர் வேணும். கடையில் நாற்று கிடைக்குதேன்னு மாசியில் வாங்கிட்டு வந்து வைக்காதீங்க. இலை மட்டும் வளரும், அதைப் பொரியல் பண்ணிச் சாப்பிட வேண்டியதுதான். சென்னையில் வைக்கிறதுன்னா வெப்பம் தாங்கற சீக்கிர ரகமாப் பார்த்து, மார்கழி, தையில் பூ கட்டற மாதிரி வைக்கணும்.

கார்த்திகை கடைசியில் மழை ஓயும்போது முள்ளங்கி, பீட்ரூட், பாலக், கொத்தமல்லி நேரடியா விதைக்கலாம். சென்னை மாடித்தோட்டத்துக்கு மார்கழி, தை, மாசிதான் நிஜமான வசந்தம். பீன்ஸ் ஆசை இருந்தாலும் அப்போதான் தீர்த்துக்கணும்.

அப்போ சென்னையில் ஆடிக்கு வேலையே இல்லையான்னு கேட்டா, நிறைய இருக்கு. சூட்டுக்கு அஞ்சாத செடிகளுக்கு அது. வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, பீர்க்கங்காய், புடலை, பாகல், சுரை. சாயங்காலத்தில் இடி மழை வந்து போகும், அது கொடிகளுக்குப் பிடிக்கும். ஆனால் கொடி வகையை ஆடி முதல் வாரத்திலேயே போட்டுடணும். 55, 60 நாளில் காய் ஆரம்பிக்கும், அதாவது புரட்டாசி முதல் பாதி. ஐப்பசிப் பெருமழை வந்தா பூவில் தண்ணி நிக்கும், தேனீ வராது, காய் பிடிப்பு குறையும். ஆக, உங்களுக்குக் கிடைக்கிற அறுவடை ஐந்தாறு வாரம்தான். ஆவணி நடுவில் போட்டீங்கன்னா அதுவும் கிடைக்காது, காய் ஆரம்பிக்கும்போதே மழை வந்துடும்.

தைப்பட்டம் கொடிகளுக்கு இரண்டாவது வாய்ப்பு. பொங்கல் முடிஞ்சதும் வெள்ளரி, பாகல், பீர்க்கு, சுரை போடலாம். மாசியில் வெண்டை. 45 நாளில் காய்க்கத் தொடங்கும், வெயில் ஏற ஏறச் சந்தோஷமா இருக்கும்.

சித்திரை, வைகாசியில் சென்னையிலும் வேலூரிலும் புதுசா எதையும் தொடங்க வேண்டாம்னு நான் கறாராவே சொல்வேன். மே 4 வாக்கில் அக்னி நட்சத்திரம் தொடங்கும். அந்த சமயத்தில் காலியான பைகளில் இருக்கிற மண்ணை ஒரு பிளாஸ்டிக் ஷீட்டில் கொட்டி, நனைச்சு, மேலேயும் கண்ணாடி மாதிரி தெரியற ஷீட்டால் மூடி நாலு வாரம் வெயிலில் விடுங்க. நோய்க் கிருமிகளும் நூற்புழுவும் பெரும்பாலும் அடங்கும். நம்ம வெயிலை இவ்வளவு உருப்படியாப் பயன்படுத்த வேற வழி இல்லை. இருக்கிற செடிகளுக்கு 50 சதவீத ஷேட் நெட், மேலே மூடாக்கு. 2019 கோடையை சென்னையில் இருந்தவங்க மறந்திருக்க மாட்டீங்க, குடிக்கவே லாரி தண்ணீர். கோடையில் எத்தனை பைக்குத் தண்ணீர் ஊத்த முடியும்னு மாசியிலேயே யோசிச்சு, அதுக்கு மேல வைக்காதீங்க.

மெயில் எழுதினவங்களுக்கு நேரடியான பதில்: இப்போ ஆவணி நடக்குது. பதினாறில் நாலு தக்காளிச் செடியை மட்டும் கிளை வெட்டி விடுங்க. ராத்திரி சூடு குறைஞ்சா காய் பிடிக்கலாம், உத்தரவாதம் இல்லை. மீதி பன்னிரண்டு பையில் இந்த வாரமே வெண்டையும் தண்டுக்கீரையும் போட்டுடுங்க. கீரை 25 நாளில் கையில், வெண்டை ஐப்பசி மழைக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரம் காய்க்கும். அம்மா கொடுத்த தக்காளி விதையில் பாதியை எடுத்து வைங்க. ஐப்பசி முதல் வாரம், பால்கனியில்.

கோவையும் காற்றும்

கோவை, திருப்பூர், பொள்ளாச்சி, உடுமலைக்காரங்களுக்கு ஆடி நிஜமாகவே பொற்காலம். தக்காளி, கத்தரி, மிளகாய், சின்ன வெங்காயம், பயறு, எல்லாம் ஆனி, ஆடியில் தொடங்கலாம். உங்க பிரச்சினை காற்று. ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்னு சொன்னது சும்மா இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் மட்டும் சுமார் 30 கிலோமீட்டருக்கு ஒரு இடைவெளி இருக்கு. மேற்கே இருந்து வர்ற காற்று மொத்தமும் அந்த வாசல் வழியா உங்க மாடிக்கு வருது. பந்தலில் ஏறின புடலங்காயின் இலையெல்லாம் கிழிஞ்சு தொங்கும். மண்ணும் சீக்கிரம் காஞ்சு போகும், மேகமா இருக்குதேன்னு தண்ணீர் ஊத்தாம விட்டுடாதீங்க.

தடுப்புக்கு மேற்குப் பக்கம் ஷேட் நெட் கட்டுங்க. தகரம், பிளக்ஸ் வேண்டாம். முழுசா மறைச்சா காற்று மேலே ஏறி அந்தப் பக்கம் சுழன்று விழும், சேதம் அதிகம். பாதி காற்றை விட்டு, பாதியைத் தடுக்கிற வலைதான் நல்லது. தோட்ட மண் இருக்கிறவங்க மேற்கு ஓரத்தில் அகத்தி வரிசையா வளர்த்துடறாங்க, கீரையும் ஆச்சு. உயரமா வளர்ற கொடிகளைக் காற்று அடங்கின ஆவணி கடைசியில் தொடங்கறது புத்திசாலித்தனம். உங்க ஊரில் ஐப்பசி மழை சென்னை அளவுக்கு மிரட்டாது.

இதே காற்றுக் கதை தென்காசி, செங்கோட்டை பக்கமும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய் பக்கம் போனா முப்பந்தலில் ஏன் அவ்வளவு காற்றாலைகள்னு புரியும்.

மதுரையும் தெற்கும்

மதுரை, விருதுநகர், சிவகங்கை, இராமநாதபுரம், இவங்க மலைக்கு மழைமறைவுப் பக்கம். தென்மேற்கு மேகம் மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிட்டு, இங்கே வறண்ட காற்றா இறங்கும். ஆடியிலும் மதுரை வெயில் 36, 37. ஆடிப்பட்டம்னு சொல்லிட்டு நாற்றை நட்டு, தினம் ரெண்டு வேளை தண்ணீர் ஊத்திக் காப்பாத்தறதுக்கு, ஆவணி கடைசி, புரட்டாசி வரைக்கும் காத்திருக்கலாம். இராமநாதபுரம் முண்டு மிளகாயை வானம் பார்த்த நிலத்தில் விதைக்கிறது புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பித்தான். அந்த மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது. அந்த விவசாயிகளோட பட்டத்தைத்தான் மதுரை மாடிக்காரங்களும் பின்பற்றணும்னு நான் சொல்வேன், கோவை வீடியோவை இல்லை. மிளகாய், கத்தரி, தக்காளி எல்லாம் புரட்டாசி நாற்று, ஐப்பசி நடவு. மழை சென்னையைவிடக் குறைவு, அதனால நடவுக்குப் பயப்பட வேண்டாம்.

டெல்டாக்காரங்களுக்குச் சுருக்கமா: தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறை. மழை அட்டவணை சென்னை மாதிரிதான், ஆனால் களிமண், தண்ணீர் நிக்கும். கொல்லையில் மேட்டுப்பாத்தி போட்டுக்குங்க. பெரிய தோட்டம் தைப்பட்டத்தில்.

குமரி மாவட்டம் தனி உலகம். ஜூனில் ஒரு பருவமழை, அக்டோபரில் இன்னொண்ணு, நடுவில் கோடை மழையும் உண்டு. அங்கே தோட்டம் சித்திரையிலேயே ஆரம்பிச்சிடும். சேனை, சேம்பு, மரவள்ளி எல்லாம் கோடை மழையின் ஈரத்தில் நடற வழக்கம். கேரளத்தில் மேட மாசத்தின் பத்தாம் நாளைப் "பத்தாமுதயம்"னு சொல்லி நடவுக்கு நல்ல நாளா வெச்சிருக்காங்க. மேடம்னா நம்ம சித்திரைதான். குமரி 1956 வரைக்கும் திருவிதாங்கூர் பக்கம் இருந்த ஊர், சென்னை அட்டவணை அவங்களுக்குப் பொருந்தவே பொருந்தாது.

ஊட்டியும் ஓசூரும்

ஆயிரம் மீட்டர் மேலே ஏறினா ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், பட்டாணி, உருளை எல்லாம் அங்கே சர்வ சாதாரணம். வெண்டைக்காய்தான் வராது. மலையில் மட்டும் "உறைபனி" என்கிற சொல்லுக்கு மதிப்பு உண்டு. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை, மேகம் இல்லாத, காற்று அசையாத இரவுகளில் விழும். குளிர்ந்த காற்று கனமா இருக்கிறதால சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தங்கும். பள்ளத்தில் இருக்கிற வீட்டில் பீன்ஸ் கருகும், நூறு அடி மேலே சரிவில் இருக்கிற வீட்டில் தப்பிக்கும். மென்மையான செடிகளைப் பிப்ரவரி கடைசிக்கு அப்புறம் நடுங்க.

ஓசூரும் பெங்களூரும் சுமார் 900 மீட்டர். பெங்களூரில் இருந்து கேட்கிறவங்க நிறைய பேர், எனக்குத் தெரியும். உங்களைப் பார்த்தாக் கொஞ்சம் பொறாமை. தக்காளி கிட்டத்தட்ட வருஷம் முழுக்க, பீன்ஸ் சுலபம், கொத்தமல்லி சீக்கிரம் பூத்துத் தொலையாது. கனமழை செப்டம்பர், அக்டோபரில், அப்போ மட்டும் நாற்றுகளை உள்ளே வைங்க.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருத்தர் கேட்டிருந்தார். உங்களுக்கும் பெருமழை இதே ஐப்பசி, கார்த்திகைதான், மாரி முடிஞ்சு கிணற்று நீரோட தையில் தொடங்கற மிளகாய், வெங்காயம், தக்காளித் தோட்டம் உங்க ஊரில் ஏற்கெனவே பழகின விஷயம். சென்னைக்காரங்க உங்ககிட்ட கத்துக்கணும்.

நாளை எண்ணுகிற செடிகள்

வெப்பம், மழை தவிர மூணாவதா ஒரு விஷயம் இருக்கு. பகல் நீளம். பந்தல் அவரை, சிறகு அவரை இதெல்லாம் பகல் சுருங்கும்போதுதான் பூக்கும். சென்னையில் ஜூனில் பகல் ஏறக்குறைய 12 மணி 50 நிமிஷம், டிசம்பரில் 11 மணி 20 நிமிஷம். நமக்கு அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது, அவரைக்குத் தெரியும். நாட்டுப் பந்தல் அவரையைச் சித்திரையில் விதைச்சாலும், ஆடியில் விதைச்சாலும் பூக்கிறது ஏறக்குறைய ஒரே சமயம், மழைக்காலம் நடக்கும்போது. சித்திரையில் போட்டவங்க கூடுதலா மூணு மாசம் கொடிக்குத் தண்ணீர் ஊத்தினதுதான் மிச்சம். "கொடி மாடி முழுக்கப் படர்ந்திருக்கு, ஒரு பூ இல்லை"ன்னு ஆனியில் ஃபோட்டோ அனுப்பறவங்க கொடியை வெட்டாதீங்க. குத்து அவரையில் எந்த மாசமும் காய்க்கிற ரகங்கள் இருக்கு, அவசரம்னா அதை வாங்கிக்கலாம்.

மஞ்சளுக்குத் தேவை நீண்ட காலம். எட்டு, ஒன்பது மாசம். பொங்கல் பானைக்கு மாடியிலிருந்தே மஞ்சள் கொத்து வேணும்னா வைகாசியில் கிழங்கை ஊணிடுங்க. பெரிய பையில் நாலு கிழங்கு போதும், பாதி நிழலிலும் வரும். கோடையில் எதையும் தொடங்காதீங்கன்னு சொன்னதுக்கு இது ஒரு விதிவிலக்கு.

மழை சொன்னபடி வரலைன்னா?

வரலைதான். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கினது. அடுத்த வருஷமே, 2016-ல், வடகிழக்குப் பருவமழை மோசமாப் பொய்த்தது, டிசம்பர் 12-ல் வர்தா வந்து மரங்களைச் சாய்ச்சுட்டுப் போச்சு. 2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம். பட்டம் சராசரியைச் சொல்லுது, இந்த வருஷத்தைச் சொல்லலை. அதனால பாக்கெட்டில் இருக்கிற விதையை ஒரே நாளில் காலி பண்ணாதீங்க. மூணு பங்காப் பிரிச்சு, பதினைஞ்சு நாள் இடைவெளியில் போடுங்க. ஒரு பங்கு மழையில் போனாலும் இன்னொண்ணு நிக்கும். புயல் எச்சரிக்கை வந்தா நாற்றுத் தட்டுகளை வீட்டுக்குள்ளே, பைகளை மாடிச் சுவர் ஓரம். பையின் அடியில் துளை அடைச்சிருக்கான்னு புரட்டாசியிலேயே ஒரு குச்சியால் குத்திப் பார்த்துடுங்க.

ஒரு வெப்பமானி வாங்கி மாடியில் நிழலில் தொங்கவிடுங்க. ராத்திரி அளவு 23-க்குக் கீழே இறங்கற முதல் வாரத்தைக் குறிச்சு வைங்க. பெசன்ட் நகரில் கடல் காற்று வாங்கற மாடிக்கும் அம்பத்தூர் மாடிக்கும் அது வேற வேற வாரமா இருக்கும். ரெண்டு வருஷம் குறிச்சா உங்க மாடியோட பட்டம் உங்களுக்குத் தெரிஞ்சிடும், என் எபிசோடே தேவைப்படாது.

கடைசியா ஒரு கேள்வி: "11 மாச வாடகை ஒப்பந்தம், தையோட முடியுது. இப்போ என்ன வைக்கலாம்?" கீரை, முள்ளங்கி, வெண்டை, கொத்தவரை. எல்லாமே சீக்கிரம் கணக்கு முடிச்சிடும். மிளகாய், கத்தரி வைக்கணும்னா சின்னப் பையில், தூக்கிட்டுப் போற மாதிரி. சுரைக்கொடியைப் பந்தலில் ஏத்தினீங்கன்னா அதை ஓனருக்குத்தான் விட்டுட்டுப் போகணும்.

அடுத்த எபிசோட் புரட்டாசி முதல் வாரம் வரும். நாற்றுத் தட்டு எப்படித் தயார் பண்றது, பழைய முட்டை டிரேயில் ஏன் வேர் சீக்கிரம் காஞ்சு போகுதுன்னு பேசலாம். கேள்வி அனுப்பும்போது ஊர்ப் பேரையும், மாடியா, பால்கனியா, தரையான்னும் எழுதுங்க. அது இல்லாம எந்தக் கேள்விக்கும் என்னால பதில் சொல்ல முடியாது.